ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அலமாரியில் என்னென்ன இருக்க வேண்டும்

எங்கள் வீட்டு அடுக்களையில் பால், தயிர், நெய், முட்டை, கறி, மீன் எதுவும் கிடையாது. ஐந்து வருடம் முன்பு மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போனதில் தொடங்கியது, அப்புறம் ஒவ்வொருவராக நாங்கள் எல்லாருமே அந்தப் பக்கம் வந்துவிட்டோம். இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி "அப்ப என்னதான் சாப்பிடுவீங்க?" அதற்கு அடுத்தது "பிள்ளைகளைக் கூட்டிட்டு வெளிய போனா என்ன பண்ணுவீங்க?" இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: கட்டுச்சோறு.

நாங்கள் இருப்பது மதுரை. ஒரு மணி நேரத் தூரத்துக்குள் அழகர்மலை, அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி சமணர் மலை எல்லாம் இருக்கின்றன, இன்னும் கொஞ்சம் போனால் சிறுமலை. பிள்ளைகளோடு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இதில் ஏதோ ஒன்றுக்குப் போய்விடுவோம். இந்த இடங்களில் பாதிக்கு மேல் கடையே கிடையாது, இருக்கிற கடையிலும் பால் இல்லாத பண்டம் என்றால் கடலை மிட்டாயும் வாழைப்பழமும்தான். அதனால் நான் அலமாரியை நிரப்பும்போதே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை ராத்திரி திடீரென்று "நாளைக்குப் போலாமா?" என்று யாராவது கேட்டால், கடைக்குப் போகாமலே மறுநாள் காலை ஐந்தரைக்கு நான்கு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு படி இறங்க முடிய வேண்டும். அது முடிந்துவிட்டால் வாரநாள் சமையல் தானாக ஓடும், ஏனென்றால் இரண்டுக்கும் வேண்டிய சாமான் ஒன்றேதான்.

முதலில் வாங்கக் கூடாதவை

புதிதாகப் பால் பொருட்களை விடுகிறவர்கள் செய்யும் தவறு, முதல் வாரமே பாதாம் பால் டப்பா, வெளிநாட்டுச் சீஸ் மாதிரி ஒன்று, பெயர் வாயில் நுழையாத விதைகள் என்று வாங்கிக் குவிப்பது. பணமும் போகும், ருசியும் பிடிக்காது, மூன்றாவது மாதம் "இது நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுவார்கள். என் அப்பத்தா வீட்டு அலமாரியை நினைத்துப் பார்க்கிறேன். நெய்க் கிண்ணத்தையும் மோர்ப் பானையையும் மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டால் மீதி இருப்பதெல்லாம் செடியிலும் கொடியிலும் மரத்திலும் விளைந்ததுதான். அரிசி, சிறுதானியம், பருப்பு, பயறு, எள், நிலக்கடலை, தேங்காய், புளி, மிளகாய், வத்தல், கருப்பட்டி. இதில் எதுவும் உங்களுக்குப் புதிதில்லை, எல்லாவற்றையும் சமைக்கவும் தெரியும்.

அரிசிக்குப் பெரிய யோசனை வேண்டாம், வழக்கமாக வாங்குகிற புழுங்கலும் இட்லி அரிசியும் போதும், கட்டுச்சோற்றுக்கு மட்டும் உதிரியாக வடிகிற பச்சரிசியோ பழைய அரிசியோ இரண்டு கிலோ தனியாக வையுங்கள், புது அரிசி குழைந்து புளியோதரையைக் களியாக்கிவிடும். சிறுதானியத்தில் எங்கள் வீட்டில் நிற்பது குதிரைவாலி, சாமை, கம்பு, கேழ்வரகு. ஒரு விஷயம் கவனியுங்கள், கம்பை முழுதாக வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள், மாவாக வாங்கி வைத்தால் சீக்கிரம் கசந்துவிடும், அதிலுள்ள எண்ணெய்தான் காரணம். கேழ்வரகு மாவு அதைவிட நாள் தாங்கும். பாலை விட்டுவிட்டால் கால்சியத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கேழ்வரகுதான் என் முதல் பதில், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120 தான். தோல் நீக்காத எள்ளில் இன்னும் அதிகம். முருங்கைக் கீரையும் இந்த வரிசைதான். வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு, இரண்டு நாள் முருங்கைக் கீரை, தினமும் எள்ளுப்பொடியோ எள்ளுருண்டையோ என்று எங்கள் வீட்டில் ஓடுகிறது.

பருப்பு, பயறில் கை சுருக்காதீர்கள். பால், முட்டை, கறி எல்லாம் போன இடத்தை நிரப்ப வேண்டியது இதுதான், சோற்றையும் இட்லியையும் கூட்டி நிரப்பினால் பிள்ளைகள் பதினொரு மணிக்கே பசிக்குது என்று வந்து நிற்பார்கள். நான்கு பேருக்கு மாதத்துக்கு நான் வாங்குவது துவரம்பருப்பு இரண்டு கிலோ, தோலோடு கருப்பு உளுந்து இரண்டு கிலோ, பாசிப்பருப்பு ஒன்று, பொட்டுக்கடலை ஒன்று, நிலக்கடலை இரண்டரை. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு எல்லாம் அரை அரை கிலோ. அது போக மீல்மேக்கர் ஒரு பொட்டலம். பிரியாணிக்கும் குருமாவுக்கும் அது இருந்தால் என் மகன் வேறு எதையும் கேட்பதில்லை.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். தை, மாசியில் துவரையும் மொச்சையும் புதிதாக வரும். மாசி, பங்குனியில் புது புளி, அப்போது வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்புத் தூவி மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வைத்தால் வருடம் முழுக்க வரும். மிளகாய்க்கும் அதே பருவம்தான். எங்கள் பக்கத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த உருண்டை மிளகாயை நல்லெண்ணெயில் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் வரும் வாசம் நீட்டு மிளகாய்க்கு இல்லை. சித்திரை வெயில் வத்தலுக்கு. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், கூழ் வடகம், எல்லாம் அந்த ஒரு மாத வெயிலில் முடித்துவிட வேண்டும். மோர் மிளகாய்க்குப் பதில் நான் மிளகாயைக் கீறி எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்துக் காயவைக்கிறேன், புளிப்பும் உறைப்பும் சரியாக நிற்கிறது. வண்டுக்கு, துவரையை வெயிலில் காயவைத்து ஆறவிட்டு நாலைந்து காய்ந்த மிளகாய் போட்டு மூடுவதைத் தவிர நான் எதுவும் செய்வதில்லை, சிலர் விளக்கெண்ணெய் தடவுவார்கள், அதுவும் நல்லதுதான்.

காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. காலை ஏழுக்குள் போனால் கீரை ஈரத்தோடு கிடைக்கும்.

எண்ணெயில் ஒரு வார்த்தை. நெய் போன இடத்தில் ஒரே எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். புளியோதரை, இட்லிப் பொடி, வத்தக்குழம்பு எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய். வெண்பொங்கலுக்கு அது சேராது, தேங்காய் எண்ணெயில் மிளகு, சீரகம், முந்திரி, நிறையக் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிப் பாருங்கள், நெய்ப் பொங்கல் மாதிரி இருக்காது, ஆனால் தட்டு காலியாகும். பொரியல், வறுவலுக்குக் கடலெண்ணெய். மூன்றும் செக்கில் ஆட்டியதாக, சிறிய அளவில்.

பாலும் தயிரும்

இதுதான் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

தயிருக்கு நிலக்கடலை. ஒரு கப் கடலையை எட்டு மணி நேரம் ஊறப்போடுங்கள். சுருங்கியது, கருத்தது, பூசணம் பிடித்தது ஒன்று கூட இருக்கக் கூடாது, அந்தப் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு, அதனால் ஊறப்போடும் முன் தட்டில் பரப்பிப் பொறுக்கிவிடுங்கள். ஊறியதும் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, மூன்று கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மிக்ஸியில் அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலைப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், பசும்பாலை விட வேகமாகப் பொங்கும், அடியும் பிடிக்கும். விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும், முதல் தடவை உறைக்குப் பச்சை மிளகாய்க் காம்பு ஆறேழு, காம்போடு ஒட்டிய பச்சைக் குல்லாவும் சேர்த்து, முங்குகிற மாதிரி போட்டு மூடிவிடுங்கள். மதுரை வெயிலில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு. முதல் தடவை உறைவது தண்ணியாகவும் கடலை வாடையோடும்தான் இருக்கும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள், இரண்டாவது, மூன்றாவது தடவையில் கெட்டியாக, புளிப்பாக, மோர்க்குழம்புக்கும் தாளிச்ச மோருக்கும் தாங்குகிற தயிர் வந்துவிடும். சக்கையைத் தூக்கிப் போட வேண்டாம், அடை மாவில் கலக்கலாம், வெங்காயம் மிளகாய் போட்டு வடையாகத் தட்டலாம்.

காபிக்கு முந்திரி. ஒரு டம்ளருக்குப் பத்துப் பருப்பு, அரை மணி நேரம் வெந்நீரில் ஊறினால் போதும், நைஸாக அரைத்து வடிகட்டாமலே டிகாக்ஷனில் ஊற்றலாம். தேங்காய்ப்பால் காபியில் எனக்குப் பிடிக்கவில்லை, அது ஆப்பத்துக்கும் சொதிக்கும் பாயசத்துக்கும் உரியது. மதுரைக்காரர்களுக்கு நான் இன்னொன்றும் சொல்வேன், நம் ஊர்த் தெருக்களில் காலையில் விற்கிற பருத்திப்பால் முழுக்க முழுக்கச் செடியிலிருந்து வருவது. பருத்தி விதையை ராத்திரி ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காயும். ஜிகர்தண்டாவை விட்டுவிட்டோமே என்று என் மகள் வருத்தப்பட்ட நாட்களில் இந்தப் பருத்திப்பால்தான் அவளைத் தேற்றியது.

கடையில் வாங்கும் பொட்டலங்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும், பால் இல்லை என்று சொல்லாது. பிஸ்கட், ரொட்டி, சாக்லேட், சிப்ஸ் மேலே தூவிய மசாலா என்று பலவற்றில் பால் பவுடரோ நெய்யோ இருக்கும், பின்பக்கம் திருப்பிச் சேர்மானப் பட்டியலை வாசித்தால்தான் தெரியும். விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத வீகன் உணவுக்கென்று இந்தியாவில் 2022இல் தனி விதிமுறை வந்துவிட்டது, பச்சை நிறத்தில் ஆங்கில வி எழுத்தும் அதன் மேல் சின்ன இலையும் உள்ள முத்திரை இருந்தால் நம்பி எடுக்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் கடலையும் வெல்லமும்தான், அதை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கி வையுங்கள்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி12 வைட்டமின் செடியிலிருந்து கிடைக்காது. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா என்கிற பாசியில் இருக்கிறது என்று சொல்வார்கள், அதை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், குறை தெரிய வருவதற்குள் நரம்பில் பாதிப்பு வந்துவிடலாம். டாக்டரிடம் கேட்டு வயதுக்குத் தகுந்த அளவில் மாத்திரையோ சொட்டு மருந்தோ கொடுங்கள், வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்களும் தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் டாக்டரைப் பார்க்காமல் இந்த மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம். இரும்புச்சத்துக்குக் கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேருவதும் குறையும்.

ஜாடியில் மூன்று, டப்பாவில் மூன்று

சரி, இப்போது கட்டுச்சோறு. என் அலமாரியில் எப்போதும் தீராமல் இருக்க வேண்டியது புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், கருப்பட்டி. அப்புறம் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. இந்த ஆறும் இருந்தால் எந்த ராத்திரியும் எனக்குப் பயம் கிடையாது.

புளிக்காய்ச்சலுக்கு 250 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்து முக்கால் லிட்டர் கரைசல் எடுக்கிறேன். 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, ஒரு கை நிலக்கடலை, இருபது முண்டு மிளகாய், நிறையக் கறிவேப்பிலை, மஞ்சள், பெருங்காயம். கரைசலையும் கல் உப்பையும் சேர்த்து, அது சுண்டி எண்ணெய் தனியாக மேலே மிதக்கிற வரை அடுப்பைக் குறைத்து விட வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும், அவசரப்பட்டு இறக்கினால் ஒரு வாரத்தில் பூத்துவிடும். கடைசியில் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு கரண்டி, மல்லி இரண்டு, எள் இரண்டு, ஒரு துண்டு வெல்லம். ஆறியதும் கண்ணாடி ஜாடியில். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் வெளியிலேயே ஒரு மாதம் நிற்கும், ஃப்ரிட்ஜில் மூன்று மாதம்.

முதல் தடவை நாங்கள் கிளம்பியபோது நான் தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு போனேன். அது பங்குனி மாதம். பதினொரு மணிக்குத் திறந்தபோது இரண்டும் நூல்விட்டிருந்தன, மகன் அப்போது கைப்பிள்ளை, பசியில் அழுதான், சமணர் மலை அடிவாரத்தில் வாழைப்பழத்தை வைத்துச் சமாளித்தோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: பச்சைத் தேங்காய் பட்ட எதுவும் காலை ஒன்பது மணிக்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். எலுமிச்சைச் சாதம் மதியம் ஒரு மணி வரை. புளியோதரை மட்டும்தான் சாயங்காலம் வரை நிற்கும். துவையல் வேண்டுமென்றால் தேங்காயை வைக்காமல், துவரம்பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்துக் கொஞ்சம் புளி வைத்து, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் சூடு. வடித்த சோற்றைச் சூட்டோடு டப்பாவில் அமுக்கினால் வேர்த்து, அந்த வேர்வைத் தண்ணீரிலேயே கெட்டுப்போகும். பெரிய தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, காற்றாடிக்குக் கீழே பத்து நிமிடம் ஆறவிட்டு, அதற்கப்புறம் புளிக்காய்ச்சலைப் போட்டு உடையாமல் பிரட்டுங்கள். இட்லியும் அப்படித்தான், ஆறியபின் இரண்டு பக்கமும் எண்ணெயும் பொடியும் தடவி, வாட்டிய வாழை இலையில் அடுக்கினால் மதியம் வரை பஞ்சு மாதிரி இருக்கும். தயிர்ச்சாதம் கேட்கிற பிள்ளை இருந்தால், குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய கடலைப்பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி கடலைத்தயிர் கலந்து, காலையில் கட்டுங்கள், சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். வேறு குடும்பங்களும் கூட வருகிறார்கள் என்றால் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள், நம் கட்டுச்சோற்றில் எல்லாவற்றிலும் கடலை இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் கொண்டைக்கடலை ஊறப்போடுவேன், ராத்திரி உப்பு போட்டு வேகவைத்து வடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். ஞாயிறு நாலேகாலுக்குச் சோறு அடுப்பில். அது வேகிற நேரத்தில் சுண்டலைத் தேங்காய் இல்லாமல் தாளித்து, மேலே மாங்காயோ எலுமிச்சையோ. நாலே முக்காலுக்குச் சோறு தாம்பாளத்தில். அவர் அந்த நேரத்தில் சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டுக் கருப்பட்டி காபி கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுவார், பால் இல்லாத காபியில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. ஐந்தேகாலுக்குத் தூக்குவாளிகள் பையில். பத்து மணிப் பசிக்கு ஒரு டப்பா அவல், ஒரு பொட்டலம் நாட்டுச் சர்க்கரை. போகிற இடத்தில் தண்ணீர் தெளித்து ஊறவைத்தால் பத்து நிமிடத்தில் தயார். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் இரண்டு.

எங்கே போவது, போனால் என்ன செய்வது

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் கீழக்குயில்குடியில் தொடங்குங்கள். நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், பக்கத்தில் சுனை. ஏழு மணிக்குள் ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள், அதற்கப்புறம் பாறை சுடும்.

அரிட்டாபட்டி எனக்கு மிகப் பிடித்த இடம். மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு மொட்டைக் குன்றுகள், அதன் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் ஏரிகள், சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இந்தப் பாறை முகடுகளில் இருக்கின்றன. பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணப் படுக்கை எல்லாம் ஒரே நடையில் பார்க்கலாம். 2024இல் இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் தெருவுக்கு வந்தன, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், அவர்களுக்குப் புரிந்தது.

பறவை பார்க்கப் போகிறோம் என்றால் மார்கழி, தை, மாசி. விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் அவை சுறுசுறுப்பாக இருக்கும், ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அதற்குத்தான். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மயில், கரிச்சான், செம்போத்து, மீன்கொத்தி, பனங்காடை இந்த ஐந்தையும் வெறும் கண்ணால் பார்த்துப் பேர் சொல்லத் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் அடுத்ததைத் தாங்களே தேடுவார்கள். எங்கள் வீட்டு விளையாட்டு ஒன்று: எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், கேட்ட சத்தங்களை விரல் மடக்கி எண்ண வேண்டும். ஆறு வயதுப் பையன் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருவானா என்று நானே சந்தேகப்பட்டேன், உட்கார்ந்தான், ஒன்பது சத்தம் எண்ணினான், அதில் ஒன்று அவன் அப்பா கொட்டாவி விட்டது. அப்புறம் மூலிகை, இலை. தும்பை, ஆவாரம்பூ, பிரண்டை, தூதுவளை, வீட்டில் சமைக்கிற ஏதாவது ஒன்றை அது முளைக்கிற இடத்தில் காட்டுங்கள். பறிக்க வேண்டாம், காட்டினால் போதும், அடுத்த வாரம் பிரண்டைத் துவையல் வைத்தால் கேட்காமலே சாப்பிடுவார்கள்.

அழகர்கோயில் மலையில் நூபுரகங்கை வரை நடக்க அருமையான காட்டுப்பாதை உண்டு, ஆனால் குரங்குகள் கையில் பை இருந்தாலே வரும். அங்கே போகும்போது சாப்பாட்டை வண்டிக்குள் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு ஏறி இறங்கி வந்து சாப்பிடுங்கள். பாவம் என்று ஒரு உருண்டை புளியோதரை கூடப் போடாதீர்கள். நம் சோற்றுக்குப் பழகிய குரங்கு காட்டில் தேடித் தின்பதை விட்டுவிட்டுச் சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும், அடுத்து வருகிற பிள்ளையைக் கடிக்கும்.

சிறுமலைக்கு ஒரு முழு நாள் வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, பிள்ளைகளுக்குக் குமட்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், இரண்டு எள்ளுருண்டை மட்டும். மேலே போய்ச் சாப்பாடு. இறங்கும்போது புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு, தோல் கருத்திருந்தாலும் வாங்குங்கள், உள்ளே கெட்டியாக, தேனாக இருக்கும்.

பாறை இடங்களில் இரண்டு எச்சரிக்கை. இடுக்கில் கை விடக் கூடாது, உட்காரும் முன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும், பாம்பும் தேளும் இருக்கிற இடம். பாறைச் சரிவில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அதற்குக் கீழே உட்காராதீர்கள், கல் எறிவது, புகை போடுவது, கத்துவது எதுவும் கூடாது, வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

தட்டுக்கு வாழை இலை, இல்லாவிட்டால் பாக்கு மட்டை, மதுரையில் பூக்கடைப் பக்கம் தாமரை இலையும் கிடைக்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பை எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, ஆனாலும் எந்த மலை அடிவாரத்துக்குப் போனாலும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. நாங்கள் மஞ்சப்பை இரண்டு கொண்டுபோவோம், ஒன்று எங்கள் குப்பைக்கு, இன்னொன்று அங்கே கிடப்பதில் முடிந்ததைப் பொறுக்க. இலை மக்கும்தானே, பழத்தோல் மக்கும்தானே என்று வீசிவிட்டு வராதீர்கள். மக்குவதற்கு முன்னால் நாயும் குரங்கும் மயிலும் அதைத் தேடி வரும், உப்பும் எண்ணெயும் பட்ட இலையை மாடு தின்னும், ஆரஞ்சுத் தோல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எல்லாம் வீட்டுக்கு வந்து எங்கள் மாடி மண்தொட்டிக்குள் போகும், முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் அதுதான் உரம்.

திரும்பி வந்ததும் கை கால் கழுவுகிற கையோடு தூக்குவாளிகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், புளியும் எண்ணெயும் ராத்திரி முழுக்க ஊறினால் வாடை போகாது. அலமாரிக் கதவில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன், அன்றைக்கு எது தீர்ந்தது என்று மகள் எழுதிவிடுவாள். போன வாரம் எழுதியது: இட்லிப் பொடி, எள், முண்டு மிளகாய், சுக்கு.